ரத்தம் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீர் குடியுங்கள்



சில வருஷங்களுக்கு முன்பு கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரத்த தான முகாம் நடந்தது. நானும் உதவிக்குப் போயிருந்தேன். பள்ளி மண்டபத்தில் கட்டில்கள் போட்டிருந்தார்கள். பெண்கள் பலகாரம் செய்து கொண்டுவந்திருந்தார்கள். எல்லாம் நல்லபடியாகவே நடந்தது.

பதினொன்றரை மணி இருக்கும். ஒரு வாலிபர் வந்தார். செம்பனைக் குலை வெட்டுகிறவர். இருபத்திரண்டு வயது, நல்ல கட்டான உடம்பு. அன்று ஞாயிற்றுக்கிழமையானாலும் அவருக்கு வேலை இருந்தது. காலை ஐந்தரைக்கு ஒரு மங்கு வரக்காப்பி குடித்துவிட்டு வெளிக்காட்டுக்குப் போனவர், வேலை முடிந்து நேராக வந்து வரிசையில் நின்றுவிட்டார். “சாப்பிட்டீங்களா? தண்ணி குடிச்சீங்களா?” என்று தாதி கேட்டதற்கு, “ஆமா, ஆமா” என்று தலையாட்டினார். இரண்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ரத்தம் எடுக்கும்போது ஒன்றும் ஆகவில்லை. எடுத்து முடித்ததும், “கொஞ்ச நேரம் படுத்திருங்க தம்பி” என்றார்கள். “எனக்கு ஒண்ணுமில்லக்கா” என்று எழுந்து, வெளியே போய் சிகரெட்டைப் பற்ற வைத்தார். இரண்டு இழுப்பு இழுத்திருப்பார். முகம் வெளுத்தது, வேர்த்துக் கொட்டியது. படிக்கட்டு ஓரத்தில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

தூக்கிக் கிடத்தி, கால் இரண்டையும் உயர்த்தி வைத்ததும் சற்று நேரத்தில் தெளிந்துவிட்டார். தண்ணீரும் பலகாரமும் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் சாயங்காலத்துக்குள் லயம் முழுக்க ஒரே பேச்சு: “ரத்தம் எடுத்ததுல ஆளே சாஞ்சிட்டான். இந்த உடம்பே தாங்கலேன்னா நம்ம உடம்பு தாங்குமா?” அடுத்த முகாமில் பாதிக் கட்டில் காலியாகக் கிடந்தது. அந்த வாலிபரின் தாயார் தம்பியையும் போகவிடவில்லை.

பாருங்கள், ஒரு போத்தல் தண்ணீர் குடிக்காததால் வந்த வினை இது! ரத்தம் கொடுத்ததற்குப் பழி வந்தது. உண்மையில் பழி சுமக்க வேண்டியது காலி வயிறும் காய்ந்த உடம்பும்தான். இதைப் பற்றித்தான் இந்த முறை பேசப் போகிறோம்.

ரத்தத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான்

வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதைப் பார்த்தால் எல்லாம் ஒரே சிவப்பாகத் தெரியும். ஆனால் அதில் பாதிக்குச் சற்று அதிகமான பங்கு பிளாஸ்மா என்னும் மஞ்சள் நிற நீர். மீதிதான் சிவப்பு அணுக்களும் மற்ற அணுக்களும். அந்தப் பிளாஸ்மாவிலும் பத்தில் ஒன்பது பங்கு சாதாரணத் தண்ணீர். ஆகவே உடம்பு காய்ந்தால் ரத்தத்தின் அளவும் குறையும்.

ரத்த தானத்தில் நம்மிடமிருந்து எடுப்பது, உடல் எடையைப் பொறுத்து, 350 அல்லது 450 மில்லிலிட்டர். அதாவது உடம்பிலுள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதைத் தாங்கிக்கொள்ளும்படிதான் உடம்பு அமைந்திருக்கிறது. கொஞ்சம் ரத்தம் குறைந்ததும் ரத்தக் குழாய்கள் தம்மைச் சற்று இறுக்கிக்கொள்கின்றன, இருதயம் சற்று வேகமாக அடிக்கிறது. மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் குறையாமல் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் காலையிலிருந்து வெயிலில் வேர்வை சிந்தியவர் கதை வேறு. அவர் ஏற்கெனவே ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீரை வேர்வையாக விட்டிருப்பார். உடம்பு அப்போதே குழாய்களை இறுக்கிச் சமாளித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் இன்னொரு அரை லிட்டர் போனால், சமாளிக்க மிச்சம் அதிகம் இராது. கூடவே பயமோ பசியோ சேர்ந்தால் உடம்பின் கட்டுப்பாடு ஒரு நிமிஷம் பிசகிவிடும். இருதயம் வேகத்தைக் குறைக்கும். இறுகியிருந்த குழாய்கள் தளர்ந்துவிடும். ரத்தம் காலுக்கு இறங்கும், தலைக்கு ஏறாது. கொட்டாவி, குமட்டல், வேர்வை, கண் இருட்டுதல், அப்புறம் மயக்கம். இதுதான் நடந்த விஷயம். படுக்க வைத்துக் காலை உயர்த்தியதும் ரத்தம் தலைக்குத் திரும்பியது, அவரும் தெளிந்தார்.

முதல் தடவை கொடுப்பவர்கள், வயதில் சின்னவர்கள், எடை குறைந்தவர்கள், பெண்கள் ஆகியோருக்கு இந்த மயக்கம் சற்று அதிகமாக வரக்கூடும். ஊசியைப் பார்த்து பயப்படுகிறவர்களுக்கும் அப்படியே.

அரை லிட்டர் தண்ணீரின் பலன்

“தண்ணி குடிச்சா மயக்கம் வராதாக்கும்? நல்லா சொன்னீங்க!” என்று யாராவது கேட்கலாம். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரத்தம் கொடுக்க வந்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு, கொடுப்பதற்குச் சற்று முன்பு ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள். அந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. தண்ணீர் குடித்த மாணவர்களிடையே மயக்கமும் தலைசுற்றலும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது தெரிந்தது. ஒரு காசு செலவில்லாத மருந்துக்கு இது பெரிய பலன் அல்லவா?

இதில் இன்னொரு விஷயம். குடித்த தண்ணீர் முழுதும் ரத்தத்தில் சேரும் முன்பே, வயிற்றுக்குள் போனதும் அது நரம்பு மண்டலத்தைச் சற்று உசுப்பிவிடுகிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, ரத்த அழுத்தம் கொஞ்சம் தூக்கி நிற்கிறது. அதனால்தான் நேற்று குடித்தது மட்டும் போதாது, ஊசி போடுவதற்கு முன் அரை மணி நேரத்துக்குள்ளும் குடிக்க வேண்டும் என்கிறோம்.

மேலும், உடம்பில் நீர் இருந்தால் ரத்தக் குழாய், நாம் பேச்சில் நரம்பு என்கிறோமே, அது நன்றாக எழும்பி நிற்கும். தாதி தேடிக் குத்த வேண்டியதில்லை. ஒரே குத்தில் காரியம் முடியும்.

“தண்ணி குடிச்சா ரத்தம் தண்ணியாப் போயிடாதா?” என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. போகாது. அதிகமான தண்ணீரைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும்.

எப்போது, எவ்வளவு குடிப்பது?

முதல் நாள்: வழக்கமாகக் குடிப்பதைவிட நான்கு கிளாஸ் கூடுதலாகக் குடியுங்கள். வெளிக்காட்டு வேலை என்றால் இன்னும் அதிகம் வேண்டும். ஒரேயடியாகக் குடிக்காமல் மணிக்கு மணி கொஞ்சமாகக் குடியுங்கள். போதுமா என்று அறிய டாக்டர் வேண்டாம், சிறுநீரின் நிறமே சொல்லும். வைக்கோல் நிறத்தில் வெளிறி இருந்தால் சரி. பால் கலக்காத தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தால் உடம்பு காய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதல் நாள் இரவு: வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நேரத்தோடு தூங்குங்கள். குறைந்தது 5 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று ரத்த வங்கியிலேயே கேட்பார்கள். பீர், கள், சம்சு எதுவும் வேண்டாம். மது உடம்பிலுள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றும். குடித்துவிட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அன்று காலை: எழுந்ததும் இரண்டு கிளாஸ் தண்ணீர். பிறகு கட்டாயம் பசியாறுங்கள். இட்லி, ரொட்டி, கஞ்சி, எதுவானாலும் சரி. வெறும் வரக்காப்பி பசியாறல் ஆகாது! காப்பி, தேத்தண்ணீர் குடிப்பது குற்றமில்லை, ஆனால் அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஊசிக்கு முன் அரை மணிக்குள்: 500 மில்லிலிட்டர் போத்தல் ஒன்று, அல்லது இரண்டு பெரிய கிளாஸ். வரிசை நீண்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் இன்னொரு கிளாஸ் குடித்துக்கொள்ளுங்கள். இளநீர், மோர், கஞ்சித் தண்ணீர் எல்லாமே நல்லதுதான். இனிப்பு நீர் உள்ளவர்கள் சர்க்கரை போட்ட பானங்களை விட்டுவிட்டு வெறும் தண்ணீரே குடிக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. இருதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், ‘இவ்வளவுதான் குடிக்க வேண்டும்’ என்று டாக்டர் சொல்லியிருந்தால் அதையே கடைப்பிடியுங்கள். அப்படிப்பட்டவர்கள் ரத்தம் கொடுக்க முன்வருவதற்கு முன் டாக்டரைக் கேட்பதே முறை.

கட்டிலில் படுத்திருக்கும்போது

ஊசியைப் பார்க்க வேண்டாம், தாதியோடு பேச்சுக் கொடுங்கள். தொடை, கெண்டைக்கால் தசைகளைச் சில விநாடி இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். இப்படி மாற்றி மாற்றிச் செய்தால் காலில் தேங்கும் ரத்தம் மேலே ஏறும். தலை லேசாகச் சுற்றுகிறது, குமட்டுகிறது என்றால் உடனே சொல்லிவிடுங்கள். “ஆம்பளை, எப்படிச் சொல்றது” என்ற வெட்கம் வேண்டாம். சொன்னால் ஊசியை எடுத்துவிட்டுக் காலை உயர்த்துவார்கள், அவ்வளவுதான்.

முடிந்த பிறகுதான் அதிக ஜாக்கிரதை

மயக்கம் கட்டிலில் மட்டும் வருவதில்லை. எழுந்து நடந்த பிறகும், கழிவறையிலும், மோட்டார் சைக்கிளில் போகும்போதும் வரலாம். விழுந்து அடிபடுவதே மயக்கத்தைவிட ஆபத்து. ஆகவே:

கால் மணி நேரம் உட்கார்ந்து, கொடுக்கும் பானத்தைக் குடித்து, பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டே எழுந்திருங்கள்.

அடுத்த சில மணி நேரத்துக்கு மூன்று நான்கு கிளாஸ் தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள்.

சிகரெட்டை இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். அன்று முழுதும் மது வேண்டாம்.

ஊசி போட்ட கையால் அன்று பாரம் தூக்காதீர்கள். பால் வாளி, செம்பனைக் குலை, உர மூட்டை எதுவும் வேண்டாம். நீண்ட கழியில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுவதும், ஏணி ஏறுவதும், லாரி ஓட்டுவதும் அன்று கூடாது. அதனால்தான் ஓய்வு நாளாகப் பார்த்துப் போகச் சொல்கிறோம்.

போன பிளாஸ்மாவை உடம்பு ஒன்றிரண்டு நாளில் ஈடு செய்துவிடும், அதற்கு மூலப்பொருள் நீங்கள் குடிக்கும் தண்ணீர். சிவப்பு அணுக்கள் நிறைய சில வாரங்கள் பிடிக்கும். ஆகவேதான் அடுத்த தடவைக்கு இடைவெளி விடுகிறார்கள். ரத்தம் கொடுத்ததை ஒவ்வொரு தடவையும் பதிந்துகொள்வார்கள், அடுத்து எப்போது வரலாம் என்பதையும் சொல்வார்கள். அந்தப் பதிவைப் பத்திரமாக வையுங்கள். கொடுத்த தடவைகளைப் பொறுத்து அரசாங்க மருத்துவமனைகளில் சில சலுகைகளும் உண்டு.

தண்ணீரால் தீராத குறை

நம் பெண்கள் பலர் ஆசையோடு வந்து, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் சோதித்ததும் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். காரணம் ரத்தச் சோகை. சிவப்பு அணுவிலுள்ள ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராமாவது இருந்தால்தான் எடுப்பார்கள். இந்தக் குறையைத் தண்ணீர் தீர்க்காது, இரும்புச் சத்துத்தான் தீர்க்கும். முருங்கைக் கீரை, நெத்திலி, ஈரல், பருப்பு, முட்டை இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொய்யா, எலுமிச்சை போன்றவற்றைச் சாப்பாட்டோடு சேர்த்தால் இரும்பு நன்றாக உடம்பில் பிடிக்கும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கம் அதைக் கெடுக்கும், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். திருப்பி அனுப்பினார்களே என்று வருத்தப்பட வேண்டாம் தாய்மார்களே, இலவசமாக ஒரு நோயைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். கிளினிக்கில் காட்டி மருந்து வாங்குங்கள்.

வயது 18 ஆகியிருக்க வேண்டும். 17 வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் கொடுக்கக் கூடாது. சாப்பிடும் மருந்துகள், மஞ்சள் காமாலை, மலேரியா எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இதே கிள்ளான் வட்டாரம் மலேரியாவுக்குப் பேர்போனது. 1901இல் டாக்டர் மால்கம் வாட்சன் இங்கு வந்து, சதுப்பு நீரை வடித்துத்தான் அந்தக் காய்ச்சலை அடக்கினார். இன்று அந்தப் பயம் இல்லையென்றாலும், வெளியூர்க் காடுகளில் வேலை செய்து காய்ச்சல் கண்டவர்கள் அதை அவசியம் சொல்ல வேண்டும்.

நோன்பு மாதமும் விரத நாளும்

தண்ணீருக்கும் ரத்த வங்கிக்கும் உள்ள சம்பந்தம் நம் நாட்டில் நோன்பு மாதத்தில் நன்றாகத் தெரியும். பகலில் தண்ணீரும் அருந்தாமல் இருக்கும் முஸ்லிம் சகோதரர்களில் பலர் நோன்பு துறந்த பிறகே, இரவில், ரத்தம் கொடுக்க வருகிறார்கள். அவர்களுக்காக இரவு முகாம்களும் நடக்கின்றன. ஆனாலும் பகலில் வரவு குறைந்துவிடுகிறது. பெருநாள் பயண நாட்களில் சாலை விபத்துகளோ குறைவதில்லை.

ரத்தத்தைச் சேமித்து வைத்தால் போதாதா என்றால், அதற்கும் எல்லை உண்டு. சிவப்பு அணுக்கள் குளிர்ப்பெட்டியில் 35 முதல் 42 நாள் வரைதான் தாங்கும். பிளேட்லெட் என்னும் உறைவு அணுக்கள் 5 நாள்தான். ஆகவே ஒவ்வொரு வாரமும் யாராவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நோன்பு மாதத்தில் பகல் நேரத்துக் கட்டில்களை நிரப்புவது நம்மைப் போன்ற மற்றவர்களின் கடமை. தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் அவர்கள் நமக்கு நிரப்புவார்கள். ரத்தத்துக்கு இனமில்லை என்று மேடையில் சொல்கிறோம், அதைச் செய்து காட்டும் இடம் இதுதான்.

நாமும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தைப்பூசத்துக்கு விரதமிருந்து பத்துமலைக்குக் காவடி எடுப்பவர்கள், ஒருவேளைச் சாப்பாட்டில் இருக்கும் அந்த நாட்களில் ரத்தம் கொடுக்க வேண்டாம். விரதம் முடித்து, நன்றாகச் சாப்பிட்டுக் குடித்து, உடம்பு தேறியபின் போங்கள்.

எங்கே போவது?

கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் பூசாட் டாரா நெகாரா என்னும் தேசிய ரத்த மையம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் வாசிகள் மோனோரெயிலில் ஏறிக் கடைசி நிலையமான தித்திவங்சாவில் இறங்கினால் பக்கம்தான். கிள்ளான்வாசிகளுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. கோயில், பள்ளி, பேரங்காடி என்று நடமாடும் முகாம்களும் நடக்கின்றன. கேரித் தீவுச் செம்பனைத் தோட்டங்களில் இருப்பவர்களும், தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிப் பட்டணத்துக்குக் குடிவந்தவர்களும் ஒன்று சேர்ந்து ஒரு வேனில் போய்வரலாம். வேனில் ஒரு பெட்டித் தண்ணீர்ப் போத்தலும் ஏறட்டும்!

முகாம் நடத்தும் கிளைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பேனர், மாலை, பொன்னாடைக்குச் செலவிடும் முன்பு நுழைவாயிலில் தண்ணீர் மேசை போடுங்கள். அங்கே ஓர் அக்காவை நிறுத்தி, “குடிச்சிட்டு உள்ள போங்க” என்று சொல்லச் சொல்லுங்கள். காலை வேலை முடித்து வருகிறவர்களை முதலில் உட்கார வைத்துச் சாப்பாடு கொடுங்கள். ஒருவர் மயங்கினால் அடுத்த வருஷம் எத்தனை பேர் வராமல் நின்றுவிடுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

நாம் கொடுக்கும் ஒரு பை ரத்தத்தைச் சிவப்பு அணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என்று பிரித்து மூன்று பேர் வரைக்கும் கொடுக்க முடியும். பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காமல் போராடும் தாய்க்கு நிமிஷக் கணக்கில் ரத்தம் வேண்டும். தலசீமியா உள்ள பிள்ளைக்கு மாதா மாதம் ஏற்ற வேண்டும். அப்படிக் காத்திருப்பவர் நாளை நம் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம், பிள்ளையாகவும் இருக்கலாம்.

கடைசியாக, அந்தச் செம்பனை வாலிபர் கதையை முடித்துவிடுகிறேன். இரண்டு வருஷம் கழித்து வேறொரு முகாமில் அவரைப் பார்த்தேன். கையில் பாதி காலியான தண்ணீர்ப் போத்தல். பக்கத்தில் அவர் தாயார், மடியில் சாப்பாட்டு டிபன். “டிரசர் ஐயா விவரமா எடுத்துச் சொன்னாருங்க. அதான் நானே கூட்டிக்கிட்டு வந்தேன். சாப்பிட வச்சுத்தான் உள்ள அனுப்புவேன்” என்றார் அம்மா. மகன் கொடுத்துவிட்டு, சொன்னபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அடுத்த கட்டிலில் அவர் தம்பி படுத்திருந்தார்.

ரத்தம் கொடுங்கள் தோழர்களே. தண்ணீர் குடித்துவிட்டுக் கொடுங்கள்.